ஒரே தடத்தில் குரலும் தரவும்

1967-ஆம் ஆண்டு ஜூன் 8. மத்தியதரைக் கடலின் கிழக்கோரத்தில், சினாய்க் கடற்கரைக்கு அப்பால், 'லிபர்ட்டி' என்னும் அமெரிக்க ஒற்றுக்கேட்புக் கப்பல் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் போர் மூண்டு அன்று நான்காம் நாள். பிற்பகலில் இஸ்ரேலிய விமானங்களும் டார்பிடோப் படகுகளும் அக்கப்பலைத் தாக்கின. 34 பேர் மாண்டனர். 171 பேர் காயமுற்றனர். அடையாளம் தவறியதால் நேர்ந்த தாக்குதல் என்று கூறி இஸ்ரேல் வருத்தம் தெரிவித்தது. அந்த வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை; அதற்குள் நாம் புக வேண்டாம்.

நாம் கவனிக்க வேண்டியது வேறு. அந்தக் கப்பல் அந்த இடத்தில் இருந்திருக்கவே கூடாது. கரையிலிருந்து 100 கடல் மைல் விலகிச் செல்லவேண்டும் என்று வாஷிங்டன் முன்னதாகவே முடிவு செய்துவிட்டது. அந்த முடிவு இரண்டு வழிகளில் புறப்பட்டது. ஒன்று தொலைபேசி. லண்டனிலிருந்த கடற்படைத் தலைமையகத்தைக் கூப்பிட்டு வாய்மொழியாகச் சொன்னார்கள். எழுத்து வடிவில் ஆணை வரட்டும், அதன் பிறகு செய்கிறோம் என்று அங்கிருந்தவர்கள் காத்திருந்தனர். மற்றது, எழுத்து வடிவச் செய்தி. அது தானியங்கிச் செய்தி வலையில் மணிக்கணக்கில் தேங்கியது. மத்தியதரைக் கடலுக்குப் போகவேண்டிய படிகள் முகவரி பிசகிப் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தன. குரல் உடனே போயிற்று, ஆனால் அதை ஏற்பாரில்லை. ஏற்கத்தக்க எழுத்தோ உரிய நேரத்தில் போகவில்லை.

குரலும் எழுத்தும் ஒரே வலையில் சென்றிருந்தால் கப்பல் தப்பியிருக்கும் என்று சொல்லிவிட முடியாது. தவறான முகவரி எந்த வலையிலும் தவறான முகவரியே. ஆனால் இந்த நிகழ்ச்சி, அக்காலப் படைகளின் செய்தித் தொடர்பு எவ்வாறு இரு கூறாகப் பிரிந்து கிடந்தது என்பதை நன்கு காட்டுகிறது. அமெரிக்கப் படைகளுக்குக் குரலுக்கென ஒரு வலை இருந்தது; அதன் பெயர் ஆட்டோவான். எழுத்துச் செய்திகளுக்கும் கணிப்பொறித் தரவுகளுக்கும் இன்னொரு வலை. அதன் பெயர் ஆட்டோடின். இரண்டும் 1960-களில் உருவானவை. இரண்டுக்கும் தனித்தனிக் கம்பிகள், தனித்தனி இணைப்பகங்கள், தனித்தனிப் பணியாளர்கள். இவ்விரண்டையும் ஒரே தடத்தில் ஓட்டலாமே என்னும் எண்ணம் எளிதானதுதான். அதைச் செயலாக்க ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஏன் பிடித்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இரு வேறு இயல்புகள்

உங்கள் நண்பருடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு சொல்லின் பாதி கேட்கவில்லை. கவலைப்படுவீர்களா? மாட்டீர்கள். முன்பின் சொற்களைக்கொண்டு மூளை அந்த ஓட்டையை அடைத்துவிடும். ஆனால் நீங்கள் சொல்வது ஒவ்வொன்றும் ஒரு வினாடி தாமதித்துப் போய்ச் சேருமானால் என்ன ஆகும்? அவர் பேசத் தொடங்கும்போது நீங்களும் பேசத் தொடங்குவீர்கள். இருவரும் ஒருசேர நிறுத்துவீர்கள். மறுபடியும் ஒருசேரத் தொடங்குவீர்கள். பேச்சு பேச்சாகவே இராது. ஒரு திசையில் ஏறத்தாழ 0.15 வினாடி வரையிலான தாமதத்தை நாம் உணர்வதேயில்லை. 0.4 வினாடிக்குமேல் போனால் உரையாடல் தள்ளாடத் தொடங்கும். பூமியிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள் வழியாகப் பேசினால், போய் இறங்குவதற்கே கால் வினாடி ஆகிவிடுகிறது என்பதை இதனுடன் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

தரவின் இயல்போ இதற்கு நேர்மாறு. பீரங்கிப் படைக்கு இலக்கின் ஆயத்தொலைவுகள் எண்களாகச் செல்கின்றன என்று கொள்வோம். மூன்று வினாடி தாமதித்து வந்தால் பெரும்பாலும் குற்றமில்லை. ஓர் எண் மாறி வந்தாலோ, குண்டு தன் படையின்மீதே விழும். விட்டுப்போன எண்ணை ஊகித்து நிரப்ப எந்தக் கணிப்பொறியாலும் ஆகாது. ஆகவே பழுதான பகுதியை மீண்டும் கேட்டு வாங்குவதே தரவுலகின் வழக்கம். குரலில் அப்படிச் செய்வது வீண். மறுபடி கேட்டு வாங்கிய அசை வந்து சேர்வதற்குள் அடுத்த வாக்கியம் பாதி முடிந்திருக்கும்.

சுருங்கச் சொன்னால், குரல் இழப்பைப் பொறுக்கும், தாமதத்தைப் பொறுக்காது. தரவு தாமதத்தைப் பொறுக்கும், இழப்பைப் பொறுக்காது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தொலைபேசி இணைப்பகம் உங்களுக்கும் உங்கள் நண்பருக்கும் இடையே ஒரு தடத்தை ஒதுக்கிவிடுகிறது. பேசினாலும் பேசாவிட்டாலும் அது உங்களுடையதே. உரையாடலில் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கிறார், மூச்சு வாங்குகிறோம், யோசிக்கிறோம். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு திசையின் தடம் பாதி நேரத்திற்குமேல் வெறுமையாகவே கிடக்கிறது. அட்லாண்டிக் கடலடித் தொலைபேசி வடத்தில் 1960-இல் இந்த வெற்று நேரங்களில் பிறர் பேச்சைச் செருகும் கருவியைப் பொருத்தி, ஏறத்தாழ இருமடங்குப் பேர் பேசும்படி செய்தார்கள். வெறுமை எவ்வளவு என்பதற்கு அதுவே சான்று.

தரவோ திடீரென்று பொங்கி வரும். பிறகு நெடுநேரம் ஓய்ந்திருக்கும். குரலின் இடைவெளிகளில் தரவை அனுப்பினால் ஒரே தடத்தில் இரண்டும் ஓடுமல்லவா? இதுதான் ஆசை. ஆனால் அதற்கு முன் குரலே தன் உருவை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

குரல் எண்களாகிறது

பழைய தொலைபேசியில் குரல், காற்றின் அதிர்வைப் போலவே நெளியும் மின்னோட்டமாகச் சென்றது. தந்தியோ விட்டு விட்டு வரும் துடிப்புகளாகச் சென்றது. ஒன்று ஆறு, மற்றது மணிமாலை. இரண்டையும் ஒன்றாகக் கட்ட முடியாது. பாரிஸில் பணியாற்றிய அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1938-இல் காப்புரிமை பெற்ற முறை இந்தத் தடையை நீக்கியது. குரலலையின் உயரத்தை வினாடிக்கு 8,000 முறை அளக்கவேண்டும். ஒவ்வோர் அளவையும் 0, 1 ஆகிய குறிகள் எட்டினால் எழுதவேண்டும். இன்றைய தொலைபேசிக் கணக்கில் வினாடிக்கு 64,000 குறிகள். இக்குறி ஒன்றைப் 'பிட்' என்பர். இப்போது குரலும் மணிமாலை ஆகிவிட்டது.

ஆனால் மிக நீண்ட மாலை. 2,000 எழுத்துகள் கொண்ட ஒரு பக்கச் செய்திக்கு, எழுத்துக்கு எட்டு பிட் வீதம், 16,000 பிட் போதும். அதாவது, கால் வினாடிக் குரலுக்கு ஆகும் செலவில் ஒரு பக்கச் செய்தியை அனுப்பிவிடலாம்! களத்திலுள்ள வானொலிக் கருவி வினாடிக்குச் சில ஆயிரம் பிட்களையே சுமக்க வல்லது. குரலைச் சுருக்கியாக வேண்டும்.

குரலைச் சுருக்கும் வழியை முதலில் கண்டவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹோமர் டட்லி. அவர் 1930-களின் இறுதியில் செய்துகாட்டிய வோகோடரின் தத்துவத்தை ஓர் உவமையால் விளக்கலாம். நாதசுரக் கச்சேரியை வெளியூருக்கு அனுப்ப இரண்டு வழி உண்டு. ஒலிப்பதிவு செய்து அனுப்பலாம். அல்லது ஸ்வரங்களை மட்டும் தாளில் எழுதி அனுப்பி, அங்குள்ள வித்வானை வாசிக்கச் சொல்லலாம். இரண்டாவது வழியில் தபால் செலவு சொற்பம். வோகோடரும் குரலை அனுப்புவதில்லை. குரல்வளை எந்தச் சுருதியில் அதிர்கிறது, வாயும் நாவும் எந்த வடிவில் இருக்கின்றன என்னும் குறிப்பை மட்டும் அனுப்புகிறது. மறுமுனையிலுள்ள கருவி அக்குறிப்பைக்கொண்டு குரலைப் புதிதாகச் சமைக்கிறது.

இது போர்க்களத்துக்கு வந்த கதை சுவையானது. இரண்டாம் உலகப் போரின் தொடக்க ஆண்டுகளில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் பேசிய வானொலித் தொலைபேசியில், குரலின் அலைவரிசைகளை இடம் மாற்றிக் குழப்பி அனுப்பினார்கள். ஜெர்மானிய அஞ்சல் துறைப் பொறியாளர்கள் அந்தக் குழப்பத்தைத் தெளிவித்து, உரையாடல்களைக் கேட்டுக்கொண்டிருந்தனர். இதற்கு மாற்றாக 1943 ஜூலை 15 அன்று வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் இடையே இயங்கத் தொடங்கிய கருவியின் பெயர் சிக்சாலி. எடை 55 டன். நாற்பது அலமாரி நிறையச் சாதனங்கள். மின்சாரம் 30 கிலோவாட். இவ்வளவும் ஒரு தொலைபேசிக்கு! அது குரலைப் பன்னிரண்டு எண்களாக்கி, அவற்றை வினாடிக்கு 50 முறை அனுப்பியது. ஒவ்வோர் எண்ணுடனும், இசைத்தட்டில் பதிந்த தாறுமாறான எண் ஒன்றைக் கூட்டிவிடுவார்கள். அந்தத் தட்டுக்கு இரண்டே படிகள். ஒன்று இங்கே, ஒன்று அங்கே. ஒருமுறை பயன்பட்டதும் அழித்துவிடுவார்கள். சிக்சாலியை எவரும் உடைத்ததில்லை.

குரல் எண்ணாகிவிட்டால், அதை மறைக்கும் கணக்கும் எழுத்தை மறைக்கும் கணக்கும் ஒன்றே என்பது இங்கே நமக்குக் கிடைக்கும் பாடம். படைகள் குரலை எண்ணாக்க விரும்பியதற்கு முதற் காரணம் சிக்கனமன்று, இரகசியம்.

55 டன் கருவி பிற்காலத்தில் ஒரு மேசைத் தொலைபேசிக்குள் அடங்கியது. அதற்கு வழி செய்தது நேரியல் முன்கணிப்பு என்னும் கணித முறை. ஜப்பானில் இட்டாகுரா, சைட்டோ இருவரும், பெல் ஆய்வுக்கூடத்தில் பிஷ்ணு அடலும் இதில் முன்னோடிகள். அடல் இந்தியாவில் பிறந்தவர்; பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பயின்றவர். இம்முறையில் குரல் வினாடிக்கு 2,400 பிட்டுக்கு இறங்கிவிட்டது. கேட்பதற்கு இயந்திரம் பேசுவதுபோல் இருக்கும். சொல் விளங்கும், ஆள் யார் என்று தெரிவதுதான் கடினம். ஹெலிகாப்டரின் இரைச்சலுக்கிடையே சொல்லும் தடுமாறும். ஸ்வரம் எழுதுபவரின் காதருகே ஒருவர் தவில் வாசித்தால் எப்படியோ அப்படி!

பொட்டலமாகக் கட்டுதல்

சரி, குரலும் தரவும் பிட்களாகிவிட்டன. இரண்டையும் கலந்து அனுப்புவது எங்ஙனம்?

ராண்ட் நிறுவனத்தின் பால் பேரன் 1964-இல் ஒரு திட்டத்தை விரிவாக வெளியிட்டார். அணுகுண்டு விழுந்து இணைப்பகங்களில் பல அழிந்தாலும் எஞ்சியவை தொடர்ந்து இயங்கவேண்டும். இதுவே அவர் நோக்கம். செய்தியை 1,024 பிட் கொண்ட துண்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றின்மேலும் முகவரி எழுதி வலையில் விட்டுவிட வேண்டும். ஒவ்வோர் இணைப்பகமும், கையில் சுடும் உருளைக்கிழங்கை அடுத்தவரிடம் தள்ளுவதுபோல், துண்டத்தை உடனே நல்ல வழியில் தள்ளிவிடும். குரலையும் இவ்வாறே அனுப்பலாம் என்பது அவர் திட்டத்திலேயே இருந்தது. தொலைபேசி நிறுவனப் பொறியாளர்கள் இது நடவாது என்றனர். பிரிட்டனின் டொனால்டு டேவிஸ் இதே கருத்தைத் தாமாகவே கண்டு, அத்துண்டத்திற்குப் 'பாக்கெட்' என்று பெயரிட்டார். நாம் பொட்டலம் என்போம்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு வலையான ஆர்ப்பாநெட் 1969-இல் பொட்டலங்களை அனுப்பத் தொடங்கியது. ஆனால் அது தரவுக்கென்றே அமைந்த வலை. குரலை அதில் ஏற்றிப் பார்க்கும் முயற்சி டேனி கோஹன் முதலியோரால் நடந்தது. 1974 ஆகஸ்டில், கலிபோர்னியாவின் கடற்கரையிலிருந்த தகவல் அறிவியல் நிலையத்திற்கும், நாட்டின் மறுகோடியில் மாசசூசெட்ஸிலிருந்த லிங்கன் ஆய்வுக்கூடத்திற்கும் இடையே குரல் பொட்டலங்களாகச் சென்றது. வேகம் வினாடிக்கு 16,000 பிட். வலையின் கம்பிகளோ 50,000 பிட்டையே சுமந்தன. மூவர் ஒருசேரப் பேசினால் கம்பி நிறைந்துவிடும்! அதே டிசம்பரில், முன்சொன்ன கணித முறையில் சுருக்கிய குரல் 3,500 பிட் வேகத்தில் சென்றது.

அப்போது இரண்டு இடர்கள் தெரிந்தன. முதலாவது, பொட்டலங்கள் ஒழுங்கான இடைவெளியில் வருவதில்லை. ஒன்று விரைவாக வரும், அடுத்தது வழியில் மாட்டிக்கொள்ளும். ஆகவே வந்தவற்றைச் சிறிது நேரம் தேக்கிவைத்து, பிறகு சீராக வெளிவிட வேண்டும். நீர்த்தொட்டி போன்ற ஏற்பாடு. தொட்டி பெரிதானால் குரல் சீராகும்; ஆனால் தாமதம் கூடும்.

இரண்டாவது இடர் நுட்பமானது. பொட்டலம் தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்கும் பொறுப்பை அந்த வலையே சுமந்தது. தரவுக்கு அது அருமையான ஏற்பாடு. குரலுக்கோ, தொலைந்த ஓர் அசைக்காகப் பின்னால் வரும் எல்லா அசைகளையும் நிறுத்திவைப்பதாக முடிந்தது. எனவே குரலுக்கென்று, தொலைந்தாலும் கேளாத ஒரு தனிவகைப் பொட்டலத்தைப் பயன்படுத்தினார்கள். இன்றைய இணையத்தின் அமைப்பில் இதன் தடம் பதிந்திருக்கிறது. முகவரி பார்த்துச் சேர்க்கும் வேலையும், தொலைந்ததை மீட்கும் வேலையும் தொடக்கத்தில் டிசிபி என்னும் ஒரே விதிமுறைக்குள் இருந்தன. 1978-இல் அவற்றைப் பிரித்தார்கள். முகவரி வேலை ஐபி ஆயிற்று. மீட்கும் வேலை டிசிபியிடம் நின்றது. மீட்கத் தேவையில்லாத குரல் போன்றவற்றுக்கு யுடிபி என்னும் எளிய வழி 1980-இல் வகுக்கப்பட்டது. இப்பிரிவினைக்கு வற்புறுத்தியவர்களில் கோஹன் முக்கியமானவர். நீங்கள் கைப்பேசியில் இணையம் வழியே பேசும்போது பெரும்பாலும் அந்த மூன்றாம் வழியில்தான் குரல் செல்கிறது.

பொட்டலத்தின் கனம் பற்றியும் ஒரு கணக்குப் பார்ப்போம். 2,400 பிட் முறையில் குரலை 22.5 மில்லி வினாடித் துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஒரு துண்டுக்கு 54 பிட். இதற்குமேல் ஒட்டவேண்டிய முகவரிச் சீட்டுகளோ, இன்று வழக்கிலுள்ள முறையில், 320 பிட்! பத்துக் கிராம் ஏலக்காய்க்கு அறுபது கிராம் காகிதம். பல துண்டுகளை ஒரே பொட்டலத்தில் கட்டினால் காகிதம் மிச்சம். ஆனால் கடைசித் துண்டு வரும்வரை முதல் துண்டு காத்திருக்க வேண்டும். பழையபடி தாமதம். சீட்டின் பெரும்பகுதி ஒவ்வொரு பொட்டலத்திலும் மாறாமல் இருப்பதால், மாறும் பகுதியை மட்டும் எழுதி அனுப்பும் சுருக்கமுறை பின்னர் வந்தது. குறைந்த வேகக் கள வானொலிகளுக்கு அது பெரிய வரம்.

தரவுப் பொட்டலத்தின் பருமனும் தொல்லை தரும். 1,500 எட்டுக்குறிகள், அதாவது 12,000 பிட் கொண்ட தரவுப் பொட்டலம் ஒன்று 16,000 பிட் வேகத் தடத்தில் நுழைந்துவிட்டால், அது கடந்து முடிய முக்கால் வினாடி ஆகும். அதன் பின்னால் வந்த சிறு குரல் பொட்டலம், எவ்வளவு அவசரமானாலும், நெல் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட சைக்கிள்காரர் போல் திணறவேண்டியதுதான். பெரிய பொட்டலங்களைச் சிறிதாக நறுக்கி, இடையே குரலை விடுவதே வழி.

நகரும் எல்லைக்கோடு

பொட்டலமே எல்லாவற்றுக்கும் தீர்வு என்று 1970-களில் எல்லோரும் ஒப்பவில்லை. அமெரிக்கப் பாதுகாப்புச் செய்தித் தொடர்பு அமைப்பைச் சேர்ந்த கோவியெல்லோவும் வேனாவும் 1975-இல் ஒரு சமரசத்தை முன்வைத்தனர். தடத்தின் நேரத்தை 10 மில்லி வினாடிச் சட்டங்களாகப் பிரிக்கவேண்டும். ஒவ்வொரு சட்டத்தின் முற்பகுதி குரலுக்கு. அங்கே ஒவ்வொரு பேச்சுக்கும் நிலையான இடம் உண்டு, ஆகவே தாமதமில்லை. பிற்பகுதி தரவுப் பொட்டலங்களுக்கு. நடுவிலுள்ள எல்லைக்கோடு நகரக்கூடியது: பேசுவோர் குறைந்தால் காலி இடங்களையும் தரவு எடுத்துக்கொள்ளும், பேச்சு வந்தால் விட்டுக்கொடுக்கும்.

கேட்கும்போதே அழகாக இருக்கிறதல்லவா? 1976-இல் ஃபிஷர், ஹாரிஸ் ஆகியோர் வகுத்த கணித மாதிரியும் இதன் பலன் மிக நல்லது என்றே காட்டியது. ஆனால் இந்த அழகுக்குள் ஒரு பள்ளம் மறைந்திருந்தது.

ஓர் உணவு விடுதியை எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே 15 இருக்கைகள். பத்து சாப்பாட்டுக்காரர்களுக்கு, ஐந்து காப்பி குடிப்பவர்களுக்கு. சாப்பாட்டு இருக்கை காலியாக இருந்தால் காப்பிக்காரர் உட்காரலாம். சராசரியாக எட்டு இருக்கைகளில்தான் சாப்பாடு நடக்கிறது. ஆகவே காப்பிக்குச் சராசரி ஏழு இருக்கைகள் உண்டு. ஆறு இருக்கைக்குரிய கூட்டத்தைத் தாராளமாக ஏற்கலாம் என்று முதலாளி கணக்கிடுகிறார். சராசரியில் பிழையில்லை. ஆனால் சாப்பாட்டுக்காரர் உட்கார்ந்தால் அரைமணி நேரம் எழுந்திருக்க மாட்டார். காப்பிக்காரர் இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுவார். சாப்பாட்டு இருக்கை பத்தும் நிரம்பிய அந்த அரைமணி நேரத்தில், ஆறு இருக்கைக்கான காப்பிக் கூட்டம் ஐந்து இருக்கைக்கு மோதும். கூட்டம் தெருவில் நிற்கும்.

இதையே தடத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். தொலைபேசிப் பேச்சு நிமிடக்கணக்கில் நீள்வது. பொட்டலம் மில்லி வினாடிகளில் முடிவது. சட்டத்துக்கு ஒரு பொட்டலம் மிஞ்சினாலும், வினாடிக்கு 100 சட்டங்கள். ஒரு நிமிடத்தில் 6,000 பொட்டலங்கள் வரிசையில் குவிந்துவிடும். 1980-இல் லிங்கன் ஆய்வுக்கூடத்தின் வைன்ஸ்டைனும் மால்பாஸும் கணிப்பொறியில் இதை நடத்திப் பார்த்து, முந்தைய கணிப்பு நம்பியதைவிட வரிசை மிகப் பெரிதாக வீங்குவதைக் காட்டினர். முதல் மாதிரியை வகுத்த ஃபிஷரும் இந்த ஆய்வில் அவர்களுடன் சேர்ந்து பணியாற்றியது பாராட்டத்தக்கது. அமைதிக் காலத்தில் இந்தக் குறை தெரியாமலே போகலாம். போர் மூண்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் தொலைபேசியை எடுப்பார்கள்; தரவும் அதே நேரத்தில்தான் பொங்கும்.

மாற்று என்ன? காப்பிக்காரர்களை வாசலிலேயே நிறுத்துவது ஒரு வழி. இன்னொரு வழியை அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பியாலி, கோல்டு, ஸ்டெஃபனி செனெஃப் ஆகியோர் 1980-இல் விளக்கினர். குரலை அடுக்குகளாகப் பிரித்துப் பொட்டலம் கட்டுங்கள். அடி அடுக்கில், சொல் விளங்குவதற்கு வேண்டியது மட்டும். மேலடுக்குகளில் இனிமை, இயல்பு, நயம். நெரிசல் வந்தால் வலையே மேலடுக்குகளை வழியில் உதிர்த்துவிடும். குரல் கரகரக்கும், ஆனால் அறுந்துபோகாது. நெரிசல் தீர்ந்ததும் தானே தெளியும். என் கருத்தில், இத்துறையில் தோன்றிய எண்ணங்களுள் மிக நாகரிகமானது இதுவே.

யாருக்கு முதலிடம்?

நம் ஊரில் டிரங்க் கால் பதிவு செய்து காத்திருந்த காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாதாரண அழைப்பு, அவசர அழைப்பு, 'லைட்னிங்' அழைப்பு என்று வகைகள் இருந்தன. பணம் கூடுதலாகத் தந்தால் வரிசையில் முன்னே போகலாம். படைகளில் அந்த இடத்தைப் பதவியும் நெருக்கடியும் பிடித்தன. ஆட்டோவான் தொலைபேசியில் வழக்கமான பன்னிரண்டு பொத்தான்களுக்கு வலப்பக்கம் நான்கு பொத்தான்கள் கூடுதலாக இருந்தன. சாதாரண அழைப்புக்கு அவை வேண்டியதில்லை. அதற்குமேல் முன்னுரிமை, உடனடி, மின்னல், மின்னலையும் மீறியது என்று நான்கு படிகள், படிக்கொரு பொத்தான். தடம் காலியில்லாவிட்டால், கீழ்ப்படியிலுள்ள யாரோ இருவரின் பேச்சை இணைப்பகம் துண்டித்து, மேற்படியாருக்கு வழிவிடும்.

பொட்டல வலையில் துண்டிப்பதற்குத் தடம் என்று ஒன்றில்லை. ஆகவே பொட்டலத்தின் மேலேயே படியை எழுதவேண்டியதாயிற்று. 1981-இல் வெளியான ஐபி விதிமுறையில், ஒவ்வொரு பொட்டலத்தின் சீட்டிலும் மூன்று பிட்கள் இதற்கென ஒதுக்கப்பட்டன. அங்கே குறிக்கப்பட்ட படிகளின் பெயர்களுள் இந்த இராணுவப் பெயர்களும் அப்படியே இருக்கின்றன. 1998-இல் அவ்விடத்தின் பொருளை விரிவாக்கி மாற்றி வகுத்தார்கள். பிறந்தநாள் வாழ்த்தைச் சுமந்து செல்லும் பொட்டலத்திலும் மின்னல் ஆணைக்கான இடம் காலியாகப் பயணம் செய்தது என்பது வேடிக்கைதான்.

இப்படி முன்னுரிமை கொடுப்பதிலும் ஆபத்து உண்டு. நெருக்கடியில் ஒவ்வொருவருக்கும் தம் செய்தியே மின்னலாகத் தோன்றும். எல்லோரும் அந்தப் பொத்தானை அழுத்தினால் அது சாதாரணப் பொத்தான் ஆகிவிடும். ஆகவே எந்தக் கருவியில் எந்தப் படிவரை அனுமதி என்பதை இணைப்பகத்திலேயே கட்டிவைத்தார்கள்.

ஒன்றாய்க் கலந்தபின்

போர் விமானங்களும் கப்பல்களும் பயன்படுத்தும் 'லிங்க் 16' என்னும் வானொலி முறையில் இரண்டும் கலந்தே செல்கின்றன. ஒரு வினாடி 128 இடங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஓர் இடம் 7.8125 மில்லி வினாடி. சில இடங்களில் எதிரி விமானம் எங்கே பறக்கிறது என்னும் எண்கள். வேறு சில இடங்களில் விமானியின் குரல், 2,400 பிட்டாகவோ 16,000 பிட்டாகவோ. கேட்பவருக்கு இந்தக் கலவை தெரிவதேயில்லை. நிலத்தில் ஆட்டோவான் 1990-களின் தொடக்கத்தில் மறைந்தது. அதன்பின் வந்த வலைகளும் மெல்ல மெல்லப் பொட்டல முறைக்கு மாறிவந்தன.

இதனால் இழந்தது எதுவும் இல்லையா? உண்டு. இரண்டு வலைகள் இருந்தபோது, ஒன்று படுத்தால் மற்றது இருந்தது. லிபர்ட்டியின் கதையில்கூட, எழுத்து தேங்கியபோது குரலாவது போய்ச் சேர்ந்தது. ஒரே வலை என்றானபின், அதன் இணைப்பகத்தில் புகுந்த ஒரு கோளாறு, அல்லது எதிரி புகுத்திய ஒரு நச்சு நிரல், குரலையும் தரவையும் ஒருங்கே ஊமையாக்க வல்லது. பழுது ஏற்பட்டது என்று தொலைபேசியில் சொல்லவும் முடியாது. தொலைபேசியும் அதே வலைதானே!

இதனால் படைகள் முழுவதையும் ஒரே கூடையில் வைப்பதில்லை. வலையோடு சேராத நேரடி வானொலிகள் களத்தில் தொடர்கின்றன. போர்க்கப்பல்களில், மின்கலமும் மின் இணைப்பும் இல்லாமல், பேசுபவரின் மூச்சொலியே தகட்டை அதிரச் செய்து கம்பியில் மின்னோட்டத்தை உண்டாக்கும் எளிய தொலைபேசிகள் இருக்கின்றன. கப்பலில் மின்சாரம் முழுவதும் அறுந்தபின்னும், மேல்தளத்திலிருந்து இயந்திர அறைக்கு அதில் பேசலாம்.